இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அலுமினியம் எப்படித் தப்பிக்கிறது?

இரும்பைவிட அலுமினியம் சுறுசுறுப்பாக வினைபுரியக்கூடிய உலோகம். பள்ளியில் படித்த வினைத்திறன் வரிசையில் அலுமினியம் மேலே இருக்கும், இரும்பு அதற்குக் கீழே இருக்கும். அந்தக் கணக்குப்படி காற்றிலும் மழையிலும் முதலில் கெட்டுப்போக வேண்டியது அலுமினிய ஜன்னல் சட்டம்தான். நடப்பதோ நேர்மாறு. வருடக்கணக்கில் வெளியே நின்ற அலுமினியச் சட்டம் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். பக்கத்திலேயே பெயின்ட் உரிந்து நிற்கும் இரும்புக் கம்பியைத் தொட்டால் செதில் செதிலாகக் கையோடு வரும்.

இந்த முரண் எப்படி வந்தது என்று பிடிபட்டுவிட்டால் துருவைப் பற்றிய விஷயத்தில் பாதி பிடிபட்ட மாதிரி. ஓர் உலோகத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க அது எவ்வளவு அவசரப்படுகிறது என்பது முதல் கேள்வி. விட்டுக்கொடுத்த பிறகு அதன் மேல் எப்படிப்பட்ட படலம் உண்டாகிறது என்பது இரண்டாவது. பாடங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரு பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பல சமயம் முடிவுசெய்வது இரண்டாவது கேள்விதான்.

எது முந்தும், எது பின்தங்கும்

உலோகம் வினைபுரிகிறது என்றால் அதன் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாக மாறுகின்றன என்று பொருள். சில உலோகங்கள் இதற்குத் தயாராகக் காத்திருக்கும். சோடியத்தை எண்ணெய்க்குள் மூழ்கடித்துத்தான் வைப்பார்கள். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போட்டால் அது மிதந்து, சூட்டில் உருகி உருண்டையாகி, 'உஸ்' என்ற சத்தத்தோடு மேற்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியம் இன்னும் மோசம், ஊதா நிறச் சுவாலையோடு எரியும். கால்சியம் தண்ணீரில் குமிழி விடும். மெக்னீசியம் குளிர்ந்த நீரில் ஏறக்குறைய சும்மா இருக்கும், ஆனால் நீராவியில் காட்டினால் பளீரென எரியும். இரும்பைச் செஞ்சூடாக்கி நீராவியைச் செலுத்தினால்தான் ஹைட்ரஜன் வெளிவரும். செம்பும் வெள்ளியும் தங்கமும் நீராவியைச் சட்டையே செய்யாது.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியதுதான் வினைத்திறன் வரிசை. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், செம்பு, வெள்ளி, தங்கம் என்று மேலிருந்து கீழாக வரும். மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றில்லை. துரு விஷயத்துக்கு நடுவில் உள்ள ஐந்தாறு பெயர்கள் போதும். இரும்புக்கு மேலே மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம். கீழே வெள்ளீயம், ஈயம், செம்பு.

இந்த வரிசையைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த ஓர் இரும்பு ஆணியைப் போடுங்கள். சில நிமிடங்களிலேயே ஆணியின் மேல் செம்பழுப்புப் பூச்சு ஏறத் தொடங்கும். அது துரு அல்ல, செம்பு. கரைசலிலிருந்த செம்பு அயனிகளுக்கு இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து, அவற்றை உலோகமாக மாற்றிவிட்டு, தான் கரைசலுக்குள் போய்விடுகிறது. நேரம் போகப்போக நீலம் வெளுத்து இளம்பச்சைக்கு வரும். இதைத் திருப்பிச் செய்து பாருங்கள். இரும்பு சல்பேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதை வெளியேற்றும், கீழே இருப்பதால் மேலே இருப்பதை வெளியேற்ற முடியாது. துருத்தடுப்புக்கு இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மனிதர்கள் உலோகங்களைக் கண்டெடுத்த கதையும் இதே வரிசையைத்தான் கீழிருந்து மேலாகச் சொல்கிறது. தங்கம் ஆற்று மணலில் தங்கமாகவே கிடைத்தது. செம்பின் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் செம்பு வந்தது. இரும்பு கிடைக்க அதைவிடக் கூடுதல் பாடுபட வேண்டியிருந்தது. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் 1807-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சித்தான் பிரித்தெடுத்தார். அலுமினியம் முதன்முதலில் 1825-இல் பிரிக்கப்பட்டாலும், 1886-இல் ஹாலும் ஹெரூவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் அது மலிவாகக் கிடைக்க வழி பிறந்தது. எவ்வளவு அவசரக்கார உலோகமோ, அதை ஆக்சிஜனிடமிருந்து மீட்க அவ்வளவு ஆற்றல் வேண்டும். உலையில் இவ்வளவு வெப்பத்தைக் கொட்டி ஆக்சிஜனைப் பிடுங்கிய இரும்பு, வாய்ப்புக் கிடைத்ததும் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கிறது. அந்தத் திரும்புதலைத்தான் துரு என்கிறோம்.

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் நடப்பது

துருப்பிடிக்கத் தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதை நின்றுவிடும். பள்ளி ஆய்வகத்தில் மூன்று சோதனைக்குழாய்களை வைத்து இதைக் காட்டுவார்கள். சாதாரணத் தண்ணீரில் பாதி மூழ்கிய ஆணி சில நாட்களில் துருப்பிடிக்கும். கொதிக்கவைத்துக் கரைந்த காற்றை வெளியேற்றிய தண்ணீரில் ஆணியைப் போட்டு மேலே எண்ணெய் ஊற்றினால் அது அப்படியே இருக்கும். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு போட்டு மூடிய குழாயிலும் ஆணிக்கு எதுவும் ஆகாது.

இதுவரை தெரிந்த கதை. இதற்கு அப்புறம்தான் சுவாரசியம். துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் உண்டாகிறது என்றுதான் நாம் நினைப்போம். அது சரியல்ல. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவான்ஸ் செய்துகாட்டிய சோதனை இதைத் தெளிவாக்குகிறது. பளபளவெனத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதில் கரைந்து இரும்பை எட்டும். நடுவில் தண்ணீரின் ஆழம் அதிகம் என்பதால் அங்கே ஆக்சிஜன் குறைவு. சில மணி நேரத்தில், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், துரு இருந்த இடத்தில் தகடு பெரிதாக அரிக்கப்பட்டிருக்காது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்த ஓரமும் பளபளப்பாகவே இருக்கும். குழி விழுந்திருப்பது நட்ட நடுவில், ஆக்சிஜன் குறைவாக இருந்த இடத்தில்.

என்ன நடந்தது? ஒரே தகட்டில் ஒரு குட்டி மின்கலம் உருவாகிவிட்டது. நடுவில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓரத்துக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனியும் ஓரத்திலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் வழியில் சந்தித்து, மேலும் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்புத் துருவாகப் படிகின்றன. இரும்பு கரைவது ஓரிடத்தில், ஆக்சிஜன் வினைபுரிவது வேறிடத்தில், துரு தெரிவது மூன்றாவது இடத்தில்.

நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் உள்ள சந்து, பெயின்ட் உப்பிய இடத்தின் அடிப்பகுதி, இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் மடிப்பு எல்லாம் ஏன் முதலில் ஓட்டை விழுகின்றன என்பதற்கு இதுதான் காரணம். அங்கே ஈரம் நிற்கிறது, காற்று குறைவாகப் போகிறது. வெளியே தெரியும் துரு கொஞ்சமாக இருக்கலாம், உள்ளே இரும்பு தீர்ந்துபோயிருக்கலாம். துருவைக் கண்ணால் பார்த்து 'இது லேசானதுதான்' என்று முடிவுசெய்வது ஆபத்து என்பேன்.

உப்பு இந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. அயனிகள் தண்ணீருக்குள் நகர்ந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிது. அது போதாதென்று, உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் பாதுகாப்புப் படலங்களையும் துளைக்கும். கடலோரத்தில் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே காரணம்.

எல்லாம் படலத்தைப் பொறுத்தது

சரி, அலுமினியத்துக்கு வருவோம். அதுவும் காற்று பட்ட கணத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதன் மேல் உண்டாகும் அலுமினியம் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் மூடிவிடும். ஆக்சிஜன் மேற்கொண்டு உள்ளே போக வழியில்லை. கீறினால் கீறிய இடத்தில் உடனே புதிய படலம் வந்துவிடும். அவசரக்கார உலோகம் என்பதே இங்கே அதற்குச் சாதகம். மின்சாரம் கொண்டு இந்தப் படலத்தைச் செயற்கையாகத் தடிக்கச் செய்வதுதான் அனோடைசிங்.

படலம் மட்டும் இல்லையென்றால் அலுமினியத்தின் கதி என்ன என்பதைப் பாதரசம் காட்டிவிடும். படலத்தைக் கீறிவிட்டு அந்த இடத்தில் பாதரசத்தை வைத்தால் அது அலுமினியத்தோடு கலந்து, படலம் மறுபடி ஒட்டிக்கொள்ள விடாமல் தடுக்கும். அப்புறம் அலுமினியத்திலிருந்து வெள்ளை நார்கள் போல ஆக்சைடு வளர்ந்துகொண்டே வரும், உலோகம் கண்ணெதிரே அழியும். விமானங்களில் பாதரசம் எடுத்துச்செல்லக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (பாதரசம் நச்சு. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

இரும்பின் துரு இதற்கு நேரெதிர். அது ஸ்பாஞ்சு மாதிரி நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உப்பிப் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் புதிய இரும்பு காற்றுக்கு வரும். இரும்பு தீரும்வரை இது நிற்காது.

உப்புதல் எவ்வளவு பலமானது என்பதற்குக் கான்கிரீட்டைப் பார்த்தால் போதும். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பொதுவாகத் துருப்பிடிப்பதில்லை. சிமென்ட்டின் காரத்தன்மை அதிகம், பி.எச். மதிப்பு 12-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் இரும்பின் மேலும் மெல்லிய, உறுதியான படலம் ஒன்று உண்டாகிக் காக்கிறது. ஆண்டுகள் போகப்போகக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஊடுருவிக் காரத்தன்மையைக் குறைக்கும். அல்லது உப்பு உள்ளே வந்துவிடும். படலம் போனதும் கம்பி துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால், கான்கிரீட் உடைந்ததால் கம்பி துருப்பிடிக்கவில்லை. பெரும்பாலும் கம்பி துருப்பிடித்ததால்தான் கான்கிரீட் உடைந்திருக்கிறது. மேலே சிமென்ட் பூசி மறைப்பதால் பயனில்லை என்பதற்கும் அதுவே காரணம்.

இரும்புக்கே அலுமினியம் மாதிரிப் படலம் வரவழைக்க முடியாதா? முடியும். இரும்போடு சுமார் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்த்தால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் தானாக உண்டாகும். அதுதான் எவர்சில்வர். 1913-இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல்கள் தேய்ந்துபோவதற்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி உருவாக்கிய குரோமிய எஃகு, இந்தக் கதையில் முக்கியமான மைல்கல். பாத்திரங்களில் அதிகம் பயன்படும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். ஆனால் எவர்சில்வர் துருவே பிடிக்காது என்று நம்பிவிடக் கூடாது. உப்புநீர் தேங்கினால் குளோரைடு படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். கடலோர வேலைகளுக்கு மாலிப்டினம் சேர்த்த 316 ரகத்தைப் பயன்படுத்துவது இதனால்தான்.

குரோமியம் என்ற ஒன்று தெரியாத காலத்திலேயே நல்ல படலத்தோடு நின்ற இரும்புக்கு உதாரணம் டெல்லி இரும்புத் தூண். சுமார் 1,600 ஆண்டுகள் பழமையானது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் உண்டான பாஸ்பேட் படலம் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

மறைப்பதா, வேறொன்றைப் பலிகொடுப்பதா

எல்லா இரும்பையும் எவர்சில்வராக மாற்ற முடியாது, செலவு தாங்காது. ஆகவே சாதாரண இரும்புக்கு நாமே ஒரு படலத்தைக் கடனாகக் கொடுக்கிறோம். பெயின்ட், எண்ணெய், கிரீஸ், பிளாஸ்டிக் உறை எல்லாம் இந்த வகை. இவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெயின்ட்டின் தரத்தைவிட அதற்கு முன் செய்யும் வேலை முக்கியம். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை நன்றாகத் தேய்த்தெடுத்து, எண்ணெய்ப்பசை, தூசி, ஈரம் இல்லாமல் காயவைத்து, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்த பெயின்ட், ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடியதற்குச் சமம்.

மறைப்பதில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒரு கீறல் விழுந்தால் போச்சு. அந்தக் கீறலின் வழியாகத் தொடங்கும் துரு, பெயின்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். இங்கேதான் வினைத்திறன் வரிசை கைகொடுக்கிறது.

சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பதுதான் கால்வனைசிங். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு என்பவை இப்படி வந்தவை. துத்தநாகம் முதலில் வெறும் மறைப்பாக வேலை செய்கிறது. காற்றில் அதன் மேல் உண்டாகும் கார்பனேட் படலம் அதையே மெல்லத்தான் தேயவிடும். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தால் அடுத்த வேலை தொடங்குகிறது. வரிசையில் துத்தநாகம் இரும்புக்கு மேலே. ஈரம் பட்டதும் கரைவது துத்தநாகம். அது விடும் எலக்ட்ரான்கள் இரும்புக்குள் பாய்வதால் இரும்பு கரையாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலக் கீறலைச் சுற்றியுள்ள துத்தநாகமே காத்துக்கொள்ளும்.

வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் நிலைமை தலைகீழ். வெள்ளீயம் வரிசையில் இரும்புக்குக் கீழே. பூச்சு முழுதாக இருக்கும்வரை அருமையான மறைப்பு. வெளியே ஒரு கீறல் விழுந்து ஈரம் பட்டால் கரைய வேண்டியது இரும்பு. பக்கத்தில் வெள்ளீயம் இருப்பதால் பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாகவே அந்த இடம் அரிக்கும்.

பூச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மின்தொடர்பு இருந்தால் போதும். கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாயோடு மெக்னீசியக் கட்டிகளைக் கம்பியால் இணைத்துப் புதைக்கிறார்கள். வாட்டர் ஹீட்டரின் இரும்புத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டு இருப்பதும் இதற்காகவே. அது கரைந்து தீர்ந்த பிறகு தொட்டியின் முறை வரும். சர்வீஸ் செய்பவரிடம் அந்தத் தண்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது.

இந்த யோசனையை முதலில் பெரிய அளவில் முயன்றவரும் டேவிதான். 1824-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்படாமல் இருக்க, இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அவற்றோடு இணைக்கச் சொன்னார். வேதியியல் பிசகவில்லை, செம்பு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நஞ்சாக இருந்ததால்தான் பாசியும் சிப்பிகளும் கப்பலில் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை மண்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. திட்டம் கைவிடப்பட்டது. பிற்பாடு இரும்புக் கப்பல்கள் வந்தபோது அதே யோசனைக்கு நல்ல காலம் பிறந்தது.

தெரியாமல் கட்டும் மின்கலம்

வரிசை நமக்கு உதவுகிற மாதிரியே, கவனிக்காமல் விட்டால் கெடுக்கவும் செய்யும். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் மர அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தி இரும்பு ஆணி அடித்தது. சுமார் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பல இடங்களில் ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன. இரும்பும் செம்பும் தொடாத இடம் பிழைத்தது.

1886-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திரதேவி சிலையிலும் இதே கதை. வெளியே செம்புத் தோல், உள்ளே இரும்புச் சட்டகம். இரண்டும் தொடாமலிருக்க நடுவில் அரக்கு ஊறிய கல்நார் வைத்திருந்தார்கள். அது காலப்போக்கில் சிதைந்தது. இரும்பு துருப்பிடித்து உப்பி, செம்பைப் பிடித்திருந்த ரிவெட்டுகளைப் பிடுங்கியது. 1980-களின் சீரமைப்பில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு எவர்சில்வர் பட்டைகள் போட்டு, இடையில் டெஃப்லான் வைத்தார்கள்.

வீட்டு வேலைக்கும் இதே கணக்குதான். செம்புக் குழாயை இரும்புக் குழாயோடு நேரடியாக இணைக்கக் கூடாது. இடையில் மின்கடத்தாத இணைப்பு வேண்டும். திருகு விஷயத்தில் அளவும் முக்கியம். அகலமான எவர்சில்வர் தகட்டில் சின்ன இரும்புத் திருகைப் போட்டால், பெரிய பரப்பு முழுக்க எலக்ட்ரானை வாங்கிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் கொடுக்க வேண்டிய சின்னத் திருகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய இரும்புத் தகட்டில் எவர்சில்வர் திருகு என்றால் பாதிப்பு பரவலாகி மிகக் குறைவாகவே தெரியும். எனவே ஈரம் படும் இடத்தில் கலந்து போட்டே ஆக வேண்டும் என்றால், திருகு எப்போதும் வரிசையில் கீழே இருக்கும் உலோகமாக, அதாவது சோம்பேறி உலோகமாக இருக்கட்டும். அடியில் ஒரு நைலான் வாஷர் போட்டால் இன்னும் நல்லது.